இதயம் பார்க்கும் திசை

இந்த ஸ்டேஷனில் தேநீர் நன்றாகப் போடுகிறார்கள், சார்ஜண்ட். வீட்டில் நானே போட்டு நானே குடிப்பதால் ருசி என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. பால்தான் கொஞ்சம் கூடுதல், பரவாயில்லை.

மோதிரத்திலிருந்து தொடங்கச் சொன்னீர்கள். நீங்கள் கெர்ரிக்காரர். உங்கள் பக்கம் இதைக் கடையில் விற்கிற நகையாகத்தான் பார்த்திருப்பீர்கள். கால்வேக்கு மேற்கே, அயர்லாந்து முடிந்து கடல் தொடங்கும் எங்கள் ஊர்களில் அது நகை இல்லை, பேச்சு. இரண்டு கைகள் ஒரு இதயத்தை ஏந்தியிருக்கும். இதயத்தின் தலையில் ஒரு கிரீடம். கைகள் நட்புக்கு, இதயம் காதலுக்கு, கிரீடம் விசுவாசத்துக்கு. இதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்லும். ஆனால் எப்படிப் போடுகிறோம் என்பதில்தான் விஷயம். வலது கையில், இதயத்தின் கூர் நகத்தைப் பார்த்திருந்தால் அந்த ஆள் யாருக்கும் சொந்தமில்லை. கூர் மணிக்கட்டுப் பக்கம் திரும்பிவிட்டால் மனதில் ஆள் வந்தாயிற்று. இடது கைக்குப் போய் உள்பக்கம் பார்த்துவிட்டால் கல்யாணம் முடிந்தது. இத்தனை தெளிவான ஏற்பாடு இருந்தும் மனிதர்கள் அதைக் குழப்பிவிடுகிறார்கள். என் வாழ்க்கையில் எனக்கு எரிச்சல் மூட்டியது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

நோரீனை முதலில் பார்த்தவன் நான். தகவலுக்காகச் சொல்கிறேன், மனக்குறையாக இல்லை. நடனக் கூடத்தில், சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். வலது கையில் மெல்லிய வெள்ளி மோதிரம், இதயம் வெளியே பார்த்து. விதிப்படி கேட்கலாம், கேட்டேன், ஆடினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க வீட்டுக்கு அழைத்து வந்தேன். என் தம்பி டாரா முற்றத்தில் உட்கார்ந்து சிங்கி இறால் பிடிக்கிற கூண்டுகளைப் பின்னிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கக்கூட இல்லை.

"உள்ள போகாதீங்க. எங்க கோல்மன் போடுற தேநீர குடிச்சுட்டு போன வாரம் ஒரு நாய் செத்துப்போச்சு" என்றான்.

அவள் சிரித்தாள். அவ்வளவுதான் நடந்தது. கோடை முடிவதற்குள் அவள் விரலில் இதயம் உள்பக்கம் திரும்பிவிட்டது. எனக்காக அல்ல, டாராவுக்காக. மறு வசந்தத்தில் கல்யாணம். எங்கள் வீட்டில் பெண் பிள்ளை இல்லாததால், தாயிடமிருந்து மகளுக்குப் போக வேண்டிய தன் தங்க மோதிரத்தை அம்மா நோரீன் விரலில் போட்டார். மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் நான்.

மூன்று பேராக இருந்த வீட்டில் நான்கு பேரானோம். எனக்கு அவள் மேல் எந்தக் கோபமும் இல்லை. என் சட்டைக்கும் அவள்தான் பித்தான் தைத்தாள்.

அந்த அக்டோபரில் டாரா தன் கல்யாண மோதிரத்தை என்னிடம் கொடுத்தான். வளையத்தில் விரிசல் விட்டிருந்தது. உள்ளே அவன் பெயரின் முதலெழுத்தும் அவள் பெயரின் முதலெழுத்தும் வெட்டியிருக்கும். அந்த இரண்டு எழுத்துக்கும் நடுவில்தான் விரிசல்.

"நீ நாளைக்குக் கால்வே சந்தைக்குப் போறதானே? தட்டான்கிட்ட குடுத்து ஒட்டிட்டு வந்துடு" என்றான். "நோரீன்கிட்ட மூச்சு விடாத. அபசகுனம்னு அழுவா."

விரலில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, தூண்டில் முள் கிழித்துவிட்டது என்று அவளிடம் சொன்னான். மறுநாள் நான் சந்தைக்குப் போனேன். அவன் கூண்டு தூக்கத் தனியாகக் கடலுக்குப் போனான். நான் தட்டான் கடையில் நின்று மோதிரத்தை வாங்கிக்கொண்டிருந்தபோது தம்பி தண்ணீருக்குள் போயிருக்க வேண்டும். திரும்பி வந்தபோது அவனுடைய தார்த்துணிப் படகு கவிழ்ந்தபடி கரையில் கிடந்தது. ஊரே அங்கே நின்றது. அம்மா அழவில்லை.

"மோதிரம் கையில இருக்கு. யாரு கண்டெடுத்தாலும் நம்ம புள்ளைன்னு தெரிஞ்சுக்குவாங்க. வந்துடுவான்" என்றார்.

மோதிரம் என் கோட்டுப் பையில் இருந்தது. அந்த நேரத்தில் அதை எடுத்து நீட்ட எந்த மனிதனாலும் முடியாது. நீங்களும் செய்திருக்க மாட்டீர்கள்.

பிறகு தேடல். கடலோரத்தில் ஆள் தேடியதில்லை என்றால் உங்களுக்கு இது புரியாது. ஒவ்வொரு முறை கடல் வற்றும்போதும் பாறைப் பாறையாகப் போக வேண்டும். ஒவ்வொரு பாசிக் குவியலும் தூரத்தில் ஆள் மாதிரி தெரியும். பக்கத்தில் போனால் பாசி. முதல் வாரம் எல்லோரும் வந்தார்கள். பிறகு பாதிப் பேர். கிறிஸ்துமஸுக்கு அப்புறம் நான் மட்டும். எதிரில் வருகிறவர்கள் "ஏதாவது?" என்று கேட்பார்கள். "இல்ல" என்பேன். ஒரே கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி என் வாய்க்கே கசந்துபோயிற்று.

வீட்டில் அதைவிட மோசம். அம்மா வாசல் கதவைத் தாழிட விடமாட்டார். ஜனவரிக் காற்று அடுப்பை அணைத்துக்கொண்டே இருந்தது.

"கதவ ஏன் சாத்தின?"

"குளிருதும்மா."

"அவன் வந்தா தட்டுவானா? என்னைக்குத் தட்டியிருக்கான் அவன்?"

உருளைக்கிழங்கை வேகவைத்து அவனுக்கும் ஒரு தட்டு வைப்பார். ஆறிப்போனதும் கோழிக்குப் போடுவார். தான் சாப்பிடமாட்டார். நோரீன் கறுப்பு உடுத்தமாட்டேன் என்றாள். உடுத்தினால் தானே அவனைக் கொன்ற மாதிரி ஆகுமாம். இடது கையில் அந்த மோதிரம், இதயம் உள்ளே பார்த்தபடி. கல்யாணமானவள் என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. யாருக்குக் கல்யாணமானவள்? தண்ணீருக்கா? நான் பங்குச்சாமியாரிடம் போய்க் கேட்டேன்.

"உடல் வேணும் கோல்மன்" என்றார். "இல்லன்னா ஏழு வருஷம். திருச்சபையும் அதான் சொல்லுது, சர்க்காரும் அதான் சொல்லுது. அதுவரைக்கும் அவ விதவை இல்ல."

"ஏழு வருஷம் அவ என்ன பண்ணுவா சாமி?"

"ஜெபம் பண்ணுவா."

அறிவுள்ள மனிதர், அப்படித்தான் பேசினார். ஒரு உடல் போதும், ஒரு வீடே மூச்சு விடும். ஆனால் கடலிடம் யார் போய்ச் சொல்வது?

பிப்ரவரியில், புனித பிரிஜித் திருநாள் கழிந்து சில நாளில் ஒரு புயல் வந்து போனது. விடிந்ததும் எங்கள் குடாவுக்கு வெளிப்புறம் இருக்கிற பாறைக்குப் போனேன். அந்தப் பக்கம் பாதை கிடையாது, யாரும் வரமாட்டார்கள். அங்கே ஒருவன் இறந்து கிடந்தான். எதிர்த் தீவுக்காரன். பெயர் ஃபெஸ்டஸ். சந்தையில் பார்த்திருக்கிறேன். டாராவின் உயரம், டாராவின் தலைமுடி. விரலில் மோதிரம் இல்லை.

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தேன். இவனுக்கு இனி ஆக வேண்டியது ஒன்றுமில்லை, எங்கள் வீட்டுக்கு ஆக வேண்டியது நிறைய இருக்கிறது என்று தோன்றியது. டாராவின் மோதிரத்தை எடுத்து அவன் இடது கை விரலில் போட்டேன். மூட்டில் கொஞ்சம் சிக்கியது, அழுத்தினேன், இறங்கிவிட்டது. இதயம் உள்பக்கம். அதில் நான் தவறு செய்யவில்லை.

ஆனால் முகம் அவன் முகம்தானே. டாரா போய் நான்கு மாதம் ஆகியிருந்தது, அத்தனை நாள் கடலில் கிடந்தவனுக்கு முகம் மிஞ்சாது. அதனால் பொறுக்க வேண்டியிருந்தது. விலை ஏறும் வரை சிங்கி இறாலை உயிரோடு போட்டு வைக்க எங்கள் குடாவில் ஒரு பெரிய மரப்பெட்டி மிதக்கும். அதன் அடியில், நங்கூரக் கல்லோடு சேர்த்துக் கட்டினேன். மேல்சட்டையைக் கழற்றி எரித்துவிட்டேன். மீதியைக் கடல் பார்த்துக்கொள்ளும்.

இரண்டு நாளில் அவன் அண்ணன் மார்கஸ் தம்பியைத் தேடிக்கொண்டு எங்கள் கரைக்கு வந்தான். எங்கே தங்குவான்? கடலில் ஆளைப் பறிகொடுத்த வீட்டுக்குத்தான் வருவான். அம்மா அவனுக்கு டாராவின் கட்டிலைக் கொடுத்தார். நோரீன் சோடா ரொட்டி சுட்டுக் கொடுத்தாள்.

"உங்க ஊரு ரொட்டில உப்பு கம்மி" என்றான், துக்கத்தில் வந்தவன். "எங்க தீவுல காத்துலயே உப்பு இருக்கு. கல்லக் குடுத்தாலும் ருசியா இருக்கும்."

"அப்ப கல்லயே தின்னுட்டு வந்திருக்கலாமே" என்றாள் நோரீன்.

அக்டோபருக்குப் பிறகு அவள் வாயிலிருந்து கேலி வந்தது அன்றைக்குத்தான். நான் மாதக்கணக்கில் அவளுக்கு விறகு பிளந்து, தண்ணீர் சுமந்து, டாராவின் கூண்டுகளையும் சேர்த்து இழுத்தவன். ஒரு புன்னகை வாங்கியதில்லை.

மார்கஸுடன் நானும் தினமும் நடந்தேன். நடக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது. தவிர, எந்தப் பக்கம் தேடலாம் என்று சொல்ல ஆள் வேண்டுமே. ஒரு நாள் களைத்துப்போய் எங்கள் குடாவின் பாறையிலேயே உட்கார்ந்து புகைக்குழாயைப் பற்றவைத்தான். கீழே மரப்பெட்டி ஆடிக்கொண்டிருந்தது.

"பெட்டி நல்லாக் கனமா நிக்குதே. நெறைய சிங்கியா?"

"பத்துப் பன்னெண்டு இருக்கும்."

"ஒண்ணு எடுத்துக் குடேன். அம்மாவுக்கு வேகவெச்சுக் குடுக்கலாம். அவங்க ஒண்ணுமே சாப்பிடறதில்ல பாரு."

விலைக்குச் சொல்லியாயிற்று என்றேன். அவன் நல்ல மனம் உள்ளவன். அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை.

ஏப்ரலில் ஒரு நாள் கயிற்றை அறுத்துவிட்டேன். மறுநாள் பலபேர் பார்க்கும்படி, பகலில், பாசி அள்ளுகிறவர்களோடு சேர்ந்து நானும் கண்டுபிடித்தேன். முதலில் ஓடி வந்தவன் மார்கஸ்தான். மண்டியிட்டான். முகத்தைப் பார்க்க வழியில்லை. கையைப் பார்த்தான். வெகு நேரம் பார்த்துவிட்டு எழுந்தான்.

"எங்க ஆளு இல்ல. ஃபெஸ்டஸ் மோதிரமே போடமாட்டான். படகு வலிக்கும்போது உறுத்துதுன்னு சொல்லுவான்" என்றான். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு, "உனக்குக் கிடைச்சுட்டான் கோல்மன்" என்றான்.

மருத்துவர் மோதிரத்தைப் பார்த்தார். அப்போது இந்த நாற்காலியில் இருந்த சார்ஜண்ட்டும் மோதிரத்தைப் பார்த்தார். உள்ளே இரண்டு எழுத்து. அதற்கு மேல் பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை. அம்மா மட்டும் அந்தக் கையைத் தொட்டுக்கொண்டே இருந்தார். மோதிரத்தைக் கழற்றட்டுமா என்று கேட்டதற்கு, "அவன் கையிலேயே இருக்கட்டும்" என்றார்.

மூடிய சவப்பெட்டியை வைத்து இரவு முழுக்க வீட்டில் கண்விழித்தோம். ஊரே வந்தது. புகையிலை, விஸ்கி, ஜெபமாலை, எல்லாம் முறைப்படி. அம்மா விடிந்ததும் இரண்டு முட்டை சாப்பிட்டார். எத்தனை மாதத்துக்குப் பிறகு, சார்ஜண்ட். வாசல் கதவைத் தானே போய்ச் சாத்தினார். அடுத்த வருஷம் தூக்கத்திலேயே போனார். மகன் பக்கத்தில் படுக்கவைத்தோம். ஒரு தாயின் கடைசி வருஷத்துக்கு நிம்மதி கொடுத்தது தவறு என்று யாராவது சொன்னால் நான் கேட்டுக்கொள்கிறேன், ஆனால் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

பெட்டியைத் தூக்க நான்கு தோள் வேண்டும். ஒரு தோள் குறைந்தது. மார்கஸ் வந்து நின்றான். கல்லறைத் தோட்டம் வரை மேடு. அவன் முன்னால், நான் பின்னால். வழியில் திரும்பி, "எங்களுக்கும் ஒரு நாள் கிடைப்பான், இல்ல?" என்று கேட்டான். கிடைப்பான் என்றேன்.

இப்போது நோரீன் விதவை. எல்லாம் சட்டப்படி. கறுப்பு உடுத்தினாள். ஒரு வருஷம் துக்கம், அது நியாயம். கூரை மாற்றினேன். தினமும் அவள் கையைப் பார்ப்பேன், வேறெதையும் பார்க்கவில்லை. மறு வருஷம் மே மாதத்தில், ஒரு ஞாயிறு பூசையில், ஜெபப் புத்தகத்தைத் திறந்த கையைப் பார்த்தேன். மோதிரம் வலது கைக்கு வந்திருந்தது. இதயம் வெளியே.

விதிப்படி அதற்கு ஒரே அர்த்தம்தான். அன்று மாலை துணி உலர்த்திக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன். நான் குழறவில்லை. வீடு இருக்கிறது, நிலம் இருக்கிறது, உன்னை நான் முதலிலிருந்தே அறிவேன் என்றேன்.

அவள் கையில் இருந்த துணியைப் பிழிந்துகொண்டே நின்றாள்.

"நீ நல்லவன் கோல்மன்" என்றாள். "நல்லவன்ங்கறதுக்காக ஒருத்தனக் கட்டிக்க முடியுமா?"

"மோதிரத்தத் திருப்பிப் போட்டிருக்க."

"ஆமா. உனக்காகன்னு யாரு சொன்னா?"

துணியைக் கொடியில் போட்டுவிட்டு, "மார்கஸ் கேட்டிருக்கான்" என்றாள்.

அவன் தேடுவதை நிறுத்தியிருக்கவில்லை. மாதத்தில் இரண்டு முறை வருவான், கரையில் நடப்பான். நான் போகாத நாட்களில் இவள் துணைக்குப் போயிருக்கிறாள். பறிகொடுத்தவர்கள் இரண்டு பேர் நடந்தால் பேச்சு வளரும். அந்தக் கரையில் நடப்பதற்கு அவனுக்கு ஒரு காரணத்தைக் கொடுத்தவன் நான். இவளை நடக்கும்படி விடுவித்தவனும் நான். யோசித்தால் எனக்குச் சிரிப்புக்கூட வரும். பங்குச்சாமியார் அதே கோவிலில் அவர்கள் இருவரையும் கல்யாண வாக்குறுதிகளைச் சொல்லவைத்தார். அம்மாவின் மோதிரம் மறுபடி இடது கைக்குப் போனது, இதயம் உள்ளே பார்த்தது. தம்பியைத் தேட வசதியாக இருக்கும் என்று மார்கஸ் இங்கேயே, எங்கள் ஊரிலேயே வீடு கட்டிக்கொண்டான். என் ஜன்னலிலிருந்து அவர்கள் புகைபோக்கி தெரியும்.

முன்னால் சொன்னதில் ஒரு திருத்தம் இருக்கிறது, சார்ஜண்ட். எழுதிக்கொள்கிறவர் கவனிக்கட்டும். ஃபெஸ்டஸ் இறந்து கிடந்தான் என்று சொன்னேன். நான் போனபோது அவன் இறக்கவில்லை. இருமிக்கொண்டிருந்தான். காலை அசைக்க முடியவில்லை. என்னை அடையாளம் தெரிந்தது.

"கோல்மனா? மார்கஸ்கிட்ட சொல்லிடு. பயந்துட்டு இருப்பான்" என்றான்.

சொல்கிறேன் என்றேன். நியாயமாகப் பாருங்கள். மருத்துவர் இருப்பது தூரத்துக் கிளிஃப்டனில். அவனைத் தூக்கிக்கொண்டு அந்தப் பாறையில் ஏறுவது ஒரு ஆளால் ஆகாது. கடல் ஏறிக்கொண்டிருந்தது. பிழைத்திருப்பான் என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. மோதிரத்தைப் போட்டது அப்போதுதான். பிறகு போட்டால் விரல் விறைத்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

"என்ன பண்ற?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் பொறு."

அவன் கை சூடாக இருந்தது. தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது எழ முயன்றான். எதிர்பார்த்ததைவிடப் பலம் இருந்தது. கன்றுக்குட்டியை மருந்து குடிக்கவைக்கும்போது பிடிக்கிற மாதிரி, தோளைப் பிடித்துக்கொண்டேன். கடுமையாகப் பிடிக்கவில்லை. வலி இருந்திருக்காது. அவன் அண்ணன் பெயரைத்தான் சொன்னான், என்னைத் திட்டவில்லை.

இதுதான் முழுவதும். யாரும் என்னைச் சந்தேகப்பட்டதில்லை, பிறகு ஏன் நானாக வந்தேன் என்று நீங்கள் இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளலாம். நான் உறங்காதவன் இல்லை. நன்றாகவே உறங்குகிறேன்.

கல்லறையைத் திறந்து பாருங்கள். மோதிரத்தின் உள்ளே, இரண்டு எழுத்துக்கும் நடுவே, ஒட்டவைத்த தடம் இருக்கும். டாரா கடலுக்குப் போன அன்று மதியம்தான் அந்த மோதிரம் தன் கடையை விட்டுப் போனது என்று கால்வே தட்டான் சொல்வார். அந்த உடலில் இடது தோள்பட்டை எலும்பு சின்ன வயதில் உடைந்து கூடியிருக்கும், தேடி நடந்த நாட்களில் மார்கஸ் சொன்னது. யாருடைய எலும்பு என்று மார்கஸ் சொல்லிவிடுவான். ஆக, அங்கே கிடப்பது டாரா இல்லை. டாராவின் உடல் கிடைக்கவே இல்லை. உடல் இல்லாவிட்டால் ஏழு வருஷம், அதுவரை அவள் விதவை இல்லை, இது என் வாய்ச்சொல் இல்லை, பங்குச்சாமியாருடையது. வருகிற அக்டோபரில்தான் ஏழு வருஷம் முடிகிறது. அதற்குள் வந்துவிட வேண்டும் என்றுதான் இந்தக் கோடையிலேயே புறப்பட்டு வந்தேன். விதவையாகாத ஒருத்திக்கு இரண்டாம் கல்யாணம் எப்படிச் செல்லும்? நீங்கள் சட்டம் படித்தவர், நீங்களே சொல்லுங்கள். அவள் இன்னும் எங்கள் வீட்டு மருமகள்தான்.

அவர்களிடம் போய் விஷயத்தைச் சொல்லப் போகிறீர்கள், அது உங்கள் கடமை. ஒரே ஒரு உதவி. மார்கஸ் இருக்கும்போது சொல்லாதீர்கள். அவனுக்குத் தம்பி கிடைத்த துக்கம் இருக்கும், ஊரைக் கூட்டிவிடுவான். நோரீனை மட்டும் தனியாக வெளியே கூப்பிட்டுச் சொல்லுங்கள், முழுவதையும், எத்தனை வருஷமாக நான் பொறுத்திருந்தேன் என்பதையும் சேர்த்து. சொல்லிவிட்டு வந்து, அவள் என்னைப் பற்றி என்ன கேட்டாள் என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.